வியாழக்கிழமை வேலையும் விடியற்காலைத் திருப்பலியும்



இன்று ஜூலை 12, புனித லூயி மார்ட்டின், செலி தம்பதியரின் நினைவுநாள். குழந்தை தெரசாவின் பெற்றோர் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். ‘சிறுமலர்’ தெரசாவைப் பெற்றவர் என்ற ஒரே அடையாளத்தோடு செலி அம்மாவை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவருக்கென்று ஒரு தொழில் இருந்தது, அவரை நம்பி வேலை செய்த பெண்கள் இருந்தார்கள்.

1831-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர் அவர். துறவியாக விரும்பினார், மடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அலென்சோன் நகரில் லேஸ் வேலை கற்று, 1853-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அந்த ஊர் லேஸ் முழுவதும் ஊசியால் செய்வது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்குமாம். முளகுமூடு, நாகர்கோவில் பக்கம் லேஸ் போட்டுப் பழகிய அம்மாக்களுக்கு அதன் கண்வலியும் கழுத்துவலியும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு வடிவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெண்கள் அவரவர் வீட்டில் செய்வார்கள். வியாழக்கிழமைதோறும் அவற்றைச் செலியிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வேலையை வாங்கிப் போவார்கள். துண்டுகளை ஒன்றாக இணைப்பது செலியின் பங்கு. இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியவே கூடாது.

1858-இல் கடிகாரத் தொழிலாளி லூயியை மணந்தார். ஒன்பது பிள்ளைகள். நான்கு பேரைச் சிறுவயதிலேயே கல்லறைக்குக் கொடுத்தார். அவர்களில் எலேன் என்ற மகளுக்கு ஐந்து வயது. எஞ்சிய ஐந்து பெண்களும் பின்னாளில் துறவியரானார்கள். இத்தனைக்கும் நடுவில் விடியற்காலைத் திருப்பலியை அவர் விடவில்லை. திரும்பி வந்தால் அடுப்பும் பிள்ளைகளும் ஊசியும்.

செலி எழுதிய இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் சுரூபத்தில் பார்க்கும் சாந்தமான முகம் மட்டும் தெரியாது. இந்த லேஸ் என் உயிரை வாங்குகிறது என்று அலுத்துக்கொள்ளும் ஒரு பெண் தெரிவார். ஆர்டர் குவிந்தால் அடிமைப் பிழைப்பு. குறைந்தால் தன்னை நம்பியிருக்கும் பெண்களுக்கு வேலை கொடுக்க முடியவில்லையே என்ற கவலை. இப்படி அலுத்துக்கொண்ட அம்மாவைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று, கணவரோடு சேர்த்துப் புனிதராக உயர்த்தினார். திருமணமான இருவரைத் தம்பதியராகவே புனிதர் என்று அறிவித்தது அதுவே முதல் முறை.

அடக்கச் சடங்குகளில் அடிக்கடி ஒரு பேச்சு கேட்கிறேன்: “அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததே இல்லை, ஃபாதர்.” அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் களைத்திருப்பார்; நாம் கவனித்திருக்கமாட்டோம். அந்தக் களைப்பை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால், அவர் நமக்குக் கொடுத்ததன் விலையையும் சேர்த்தே மறைக்கிறோம். செலி தன் களைப்பைக் கடவுளிடமும் சொன்னார், கடிதத்திலும் எழுதினார். அதனால் அவருடைய பக்தி ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடவில்லை.

லூயியைப் பற்றியும் ஒரு செய்தி. குடும்பத் தலைவர்கள் காதுகொடுத்துக் கேளுங்கள். 1870-இல் அவர் தன் கடிகாரக் கடையை உறவினருக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலில் துணைக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஓர் ஆண், “உன் வேலை பெரியது, நான் உதவுகிறேன்” என்று நடந்து காட்டினார். அவருடைய புனிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

1876 டிசம்பரில் மருத்துவர் கைவிரித்தார். செலிக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. 1877 ஜூனில் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து நகருக்குப் போனார். நோய் குணமாகவில்லை. ஆகஸ்ட் 28 அன்று, 45 வயதில், இறைவனடி சேர்ந்தார். கடைக்குட்டி தெரசாவுக்கு அப்போது நான்கு வயது. “இவ்வளவு உழைத்தவளுக்கு ஏன் இந்தக் கதி?” என்று நீங்கள் கேட்டால், என்னிடம் தயாராகப் பதில் இல்லை. அவர் லூர்து நகரிலிருந்து திரும்பிய பின்னும் செபிப்பதை நிறுத்தவில்லை என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

இப்போது விசுவாசிகள் மன்றாட்டுக்கு வருகிறோம். மறைந்த உங்கள் அம்மா, பாட்டி, மாமியார் பெயரைச் சொல்லும்போது, அவர் செய்த வேலையையும் கூடவே சொல்லுங்கள். மீன்கூடை சுமந்தவர், பீடி சுற்றியவர், நாற்று நட்டவர், ஐந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்தவர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் அம்மா உயிரோடு இருப்பவர்கள் இன்று இரவே அவருடைய வேலையில் ஒன்றை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அனைவரும் எழுந்து நிற்போம்.