கடவுளுக்காகவும் பொய் வேண்டாம்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
விப 3:1-8, 13-15, 1 கொரி 10:1-6, 10-12, லூக் 13:1-9



இன்றைய நற்செய்தியில் சிலர் ஆண்டவரிடம் ஒரு துக்கச் செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர்களைப் பிலாத்து கொன்றுபோட்டான். அவர்களுடைய இரத்தம் பலியின் இரத்தத்தோடு கலந்துவிட்டது. வந்தவர்கள் கேள்வி எதுவும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆனாலும் அவர்கள் மனத்தில் ஓடும் கணக்கை ஆண்டவர் கண்டுகொள்கிறார். செத்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ, அதனால்தான் இந்தக் கதி என்பதே அந்தக் கணக்கு. மற்ற கலிலேயரைவிட இவர்கள் பெரிய பாவிகளா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இல்லை என்று பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். அதோடு விடாமல், யாரும் கேட்காத இன்னொரு சாவையும் பேச்சில் கொண்டுவருகிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டார்களே, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா? அதற்கும் இல்லை என்பதே பதில்.

முதல் சாவு கொடுங்கோலன் ஒருவனுடைய கட்டளையால் வந்தது. இரண்டாவது சாவுக்கு யாரும் கட்டளையிடவில்லை. கடவுள் இல்லை என்று சொல்பவர்கள் நம்மிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். கெட்டவன் கையைக் கடவுள் ஏன் தடுக்கவில்லை? யாரும் கெடுதல் செய்யாத இடத்திலும் ஏன் இத்தனை சாவு? டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும், நம் வீட்டுச் சாப்பாட்டு வேளையிலும் இந்தக் கேள்விகள் எழுகின்றன. பதில் சொல்லும் அவசரத்தில் நாம் அடிக்கடி ஒரு தவறு செய்கிறோம்: கடவுளைக் காப்பாற்றப்போய், செத்தவர்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் மக்கள் கோவில்களில் நிறைந்திருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. கோவில்கள் மக்கள்மேல் இடிந்து விழுந்தன. பின்னாலேயே கடல் ஏறி வந்தது. விழாவுக்கு ஏற்றியிருந்த மெழுகுதிரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் தீ பரவி நகரத்தை எரித்தது. அடுத்த ஆண்டு, இயேசு சபைக் குரு கபிரியேல் மலாகிரிதா ஒரு சிறுநூல் வெளியிட்டார். நகரத்தின் பாவங்களுக்குக் கடவுள் தந்த தண்டனை இது, இயற்கையின் நிகழ்வென்று யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். திருச்சபையை ஓயாமல் கேலி செய்த வால்டேரோ ஒரு நீண்ட கவிதை எழுதி, லண்டனையும் பாரிஸையும்விட லிஸ்பன் கூடுதலாகப் பாவம் செய்ததா என்று கேட்டார்.

இன்று வாசிக்கக் கேட்ட நற்செய்தியை வைத்து யோசித்துப் பாருங்கள். ஆண்டவர் கேட்ட கேள்வியை அன்று கேட்டவர் வால்டேர். ஆண்டவர் மறுத்த பதிலைச் சொன்னவர் குருவானவர். மலாகிரிதா பிற்பாடு அநியாயமாகக் கொல்லப்பட்டார், அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் அந்த ஒரு விவாதத்தில் நற்செய்தி எந்தப் பக்கம் நின்றது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை.

இது ஐரோப்பாவின் பழங்கதை மட்டுமா? 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அதில் போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று நாம் புதுமையாகப் பேசிக்கொண்டோம். உள்ளே இருந்து பிழைத்தவர்கள் நன்றி சொன்னது நியாயம். ஆனால் வெளியே மணலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் ஆரோக்கிய அன்னையைத் தேடி வந்தவள்தானே? நம் புதுமைக் கதை அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? உள்ளே இருந்தவர்கள்மேல் இருந்த அன்பு கடவுளுக்கு அவள்மேல் இல்லையா என்று ஒரு நாத்திகர் கேட்டால், அவரைக் கோபிக்க நமக்கு என்ன உரிமை?

யோபு இதைத்தான் தம் நண்பர்களிடம் கேட்டார். கடவுளுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு பொய் சொல்வீர்களோ என்று கேட்டார். அந்த நண்பர்கள் நல்லவர்கள். முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்றார்கள். நூலின் முடிவில் கடவுள் யார்மேல் சினம் கொள்கிறார்? தம்மோடு வழக்காடிய யோபுமேல் அல்ல, தமக்காக வாதாடிய நண்பர்கள்மேல். ஆகையால், அன்பானவர்களே, கடவுளுக்காகவும் பொய் சொல்ல வேண்டாம்.

அப்படியென்றால் நம்மிடம் பதிலே கிடையாதா? உண்டு. கெட்டவன் கையை ஏன் தடுக்கவில்லை என்ற முதல் கேள்விக்குத் திருச்சபை தெளிவாகவே பதில் சொல்கிறது. தொடக்கத்தில் கடவுள் மனிதரைப் படைத்து, அவர்களுடைய முடிவை அவர்கள் கையிலேயே விட்டார் என்று சீராக்கின் ஞானம் கற்பிக்கிறது. நெருப்பும் நீரும் முன்னால் இருக்கின்றன, எதில் கை வைப்பது என்பது உன் விருப்பம். ஆண்டவர்தான் என்னைத் தவறவைத்தார் என்று சொல்லாதே என்கிறது அந்நூல். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் வழிபாட்டுக்குக் கூடியவர்கள் மத்தியில் குண்டு வெடித்தது. ஓட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். பலியோடு இரத்தம் கலந்த இன்னொரு நாள் அது. அந்தக் குண்டைக் கட்டியவை மனிதக் கைகள், முடிவெடுத்தவை மனித மனங்கள். அதைக் கடவுளின் திட்டம் என்று சொல்வது அவர்மேல் சுமத்தும் அவதூறு.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்பார்கள்: நாளைக்கு நான் செய்யப்போவது கடவுளுக்கு இன்றைக்கே தெரியுமென்றால், நான் எப்படிச் சுதந்திரமானவன்? இதற்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் சொன்ன பதிலை நம் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன். திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நிற்பவருக்குக் கீழே தெருவில் முன்னால் போகிறவரும் தெரியும், பின்னால் வருகிறவரும் தெரியும். அவர் பார்ப்பதால் யாரும் நடப்பதில்லை, அவரவர் தம் காலால் நடக்கிறார்கள். கடவுளுக்கு நம் நேற்றும் நாளையும் ஒரே பார்வையில் தெரிகின்றன. தெரிவது வேறு, செய்யவைப்பது வேறு.

நரகத்தைப் பற்றியும் கேட்பார்கள். அறுபது ஆண்டு வாழ்க்கைக்கு முடிவில்லாத தண்டனையா, இது எந்த ஊர் நீதி? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கடவுள் எவரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை என்று உறுதியாகச் சொல்கிறது. அவருடைய அன்பைக் கடைசிவரை வேண்டாம் என்று தள்ளி, தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் நிலைதான் நரகம். அன்பு கட்டாயப்படுத்தாது என்பதால் அந்த வாய்ப்பு உண்மையானது. அதே சமயம், எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவரும், மனச்சான்றின் குரலைக் கேட்டு வாழ முயன்றால் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே கற்பித்தது. இதையெல்லாம் அறியாமல், விவாதத்தில் தோற்கும் நேரத்தில் எதிரில் இருப்பவரை நரகத்துக்கு அனுப்பிவைக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தீர்ப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை.

ஆனால் சுதந்திரம் என்ற பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தீமை எப்படி உலகத்துக்குள் வர முடிந்தது என்பதை அது விளக்கும். இந்தக் குழந்தை ஏன் என்பதை விளக்காது. கொன்றவனுக்குச் சுதந்திரம் இருந்தது சரி, கொல்லப்பட்ட பிள்ளையின் சுதந்திரம் எங்கே போயிற்று என்று கேட்பவரை வாயடைக்கும் வாதம் என்னிடம் இல்லை. சுனாமி விஷயத்தில் இந்தப் பதில் இன்னும் சுருங்கிவிடுகிறது. கடலுக்கு அடியில் நிலத்தட்டுகள் நகர்ந்தது யாருடைய பாவத்தாலும் அல்ல. தீமை ஏன் என்ற கேள்விக்கு அவசரப் பதில் எதுவும் போதாது என்று அதே மறைக்கல்வி நூல் ஒப்புக்கொள்கிறது. அது ஒப்புக்கொள்வதை நாம் ஒப்புக்கொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆண்டவரும் சீலோவாம் கோபுரம் ஏன் விழுந்தது என்று விளக்கவில்லை. மனம் மாறாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று எச்சரிக்கிறார். இந்த எச்சரிக்கை யாருக்கு என்று கவனியுங்கள். செத்த 18 பேருக்கும் அதில் பங்கில்லை. செய்தி கொண்டுவந்து நின்றவர்களைப் பார்த்துச் சொல்கிறார். அவர்களுடைய பாவத்தைத் தேடாதே, உன் வாழ்க்கையைத் திருப்பு என்கிறார். அவர் அப்போது எருசலேமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கலிலேயரைக் கொன்ற அதே பிலாத்து, இயேசு என்ற இந்தக் கலிலேயரையும் சாவுக்குக் கையளிக்கப்போகிறான். விளக்கம் சொல்லாத ஆண்டவர், அந்தச் சாவுக்குள் தாமே போனார். எரியும் முட்புதரில் மோசேயிடம் பேசிய கடவுளும் இப்படித்தான் செய்தார். எகிப்தில் ஏன் இத்தனை ஆண்டு அடிமைத்தனம் என்று அவர் காரணம் கூறவில்லை. என் மக்களின் துன்பத்தைப் பார்த்தேன், அவர்கள் அழுகையைக் கேட்டேன், விடுவிக்க இறங்கி வந்தேன் என்கிறார். அடுத்து மோசேயைப் பார்த்து, நீ போ என்கிறார். கடவுளின் நீதி விவிலியத்தில் இப்படித்தான் நடக்கிறது. அவர் இறங்கி வருகிறார், ஓர் ஆளையும் அனுப்புகிறார்.

போக வேண்டிய ஆள் போகாமல் இருந்துவிட்டு, எல்லாம் கடவுள் சித்தம் என்று சொன்னால் என்ன ஆகும்? சுனாமிக்குச் சில மாதங்களுக்கு முன், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரையும் ஒடுக்கமான படிக்கட்டும் வானத்திலிருந்து இறங்கவில்லை. அதை விதி என்று சொல்லிப் பெருமூச்சு விட்டால், கூரை போட்டவரும் அனுமதி கொடுத்தவரும் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள். சுதந்திரத்தைப் பற்றி நாத்திகரிடம் உரக்கப் பேசும் நாம், பொறுப்பென்று வரும்போது விதியைப் பேசினால் நம் வாதத்தை நாமே கவிழ்க்கிறோம்.

நம்பாதவரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதையும் திருச்சபை நமக்குச் சொல்லித்தந்திருக்கிறது. நம் எதிர்நோக்குக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்கிறார் புனித பேதுரு. தாமஸ் அக்குவினாஸ் தம் பெரிய நூலில் கடவுள் இருக்கிறாரா என்ற பகுதியை எழுதும்போது, தீமை இருக்கிறதே, பிறகு கடவுள் எப்படி என்ற எதிர்வாதத்தைத்தான் முதலில் வைத்தார். ஆகவே உங்கள் மகன் இந்தக் கேள்வியைக் கேட்டால், வாயைக் கழுவு என்று அதட்டாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தச் சாவைப் பார்த்து, எந்த அநியாயத்தைப் பார்த்து அவனுக்கு இது தோன்றியது என்று விசாரியுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஜெபிக்காதவர்களும் சுனாமி முகாம்களில் சோறு பரிமாறினார்கள் என்பதை அவனுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இன்னொன்றும் சொன்னது: நாத்திகம் பிறப்பதில் நம்பிக்கை கொண்டோருக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு. கடவுளின் முகத்தைக் காட்ட வேண்டியவர்களே தம் வாழ்க்கையால் அதை மறைத்துவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போது நம் தமிழகத் திருச்சபையின் கல்லறைத் தோட்டங்கள் நினைவுக்கு வரட்டும். செத்தவர்களுக்கு நடுவில் சாதிக்காகச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடம் உண்டு. தலித் கிறிஸ்தவர் ஒருவர் அந்தச் சுவரைக் காட்டி, உங்கள் கடவுளின் நீதி இதுதானா என்று கேட்டால், அக்குவினாஸை எடுத்து வாதாடுவீர்களா? இந்தத் தீமைக்கு நிலத்தட்டுகள் காரணமில்லை, சாத்தானைத் தேடவும் வேண்டாம். செங்கல்லும் காசும் நாம் கொடுத்தவை. நம் சுதந்திரத்தால் கட்டியதை நம் சுதந்திரத்தாலேயே இடிக்க முடியும்.

நற்செய்தியின் கடைசியில் வரும் அத்திமரத்துக்கு மூன்று ஆண்டாகக் கனி இல்லை. வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று மன்றாடுகிறார் தோட்டக்காரர். மரம் பிறகு காய்த்ததா என்பதை ஆண்டவர் சொல்லவில்லை. அது நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கொத்துவதும் எரு போடுவதும் அவருடைய அருள், காய்ப்பது நம் சம்மதம். சுதந்திரத்தையும் நீதியையும் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எனவே இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். துக்க வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த அன்பியக் கூட்டத்தில், நம் ஊரில் எந்த அநியாயத்தைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்கிறோம் என்று ஒரு கேள்வியை வையுங்கள். பதில் கிடைத்தால், பாஸ்காவுக்கு முன் அதற்கு ஏதாவது செய்யுங்கள். நம்மோடு வாதாடுகிறவர்கள் நம் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கட்டும், அதில் குற்றமில்லை. நம் வாழ்க்கையில் அவர்கள் கனியைக் காணட்டும். அதற்கான அருளைக் கேட்டு, எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம். ஆமென்.