இரண்டாம் நாள் கறி

கிடா வெட்டு முடிந்த மறுநாள் சட்டியில் கிடக்கும் கறியைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசுவதில்லை. தேனியானாலும் கம்பமானாலும் பேச்செல்லாம் முந்தின நாள் பந்தியைப் பற்றித்தான். எத்தனை கிடா, எத்தனை பந்தி, யாருக்கு எந்தத் துண்டு. தலை பூசாரிக்கு என்பார்கள். தொடை யாருக்கு என்பதில் பங்காளிகள் வருஷக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்ட கதை இல்லாத ஊர் ஏது? கறி வேகும் முன்பே அதன்மேல் ஊரின் வரிசை ஏறிவிடுகிறது.

திருமங்கலம் பக்கம் அனுப்பப்பட்டியில் கரும்பாறை முத்தையா கோயில் விருந்துக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள். சாப்பிட்ட இலைகளை அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். அவை காய்ந்த பிறகே பெண்கள் அங்கே போவார்கள். அது அந்தக் கோயில் வழக்கம். அப்படி ஒரு வழக்கமும் இல்லாத நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? அடுப்படியில் நின்றவள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது கழுத்தும் விலாவும் எலும்பில் ஒட்டிய கறியும்தான் அடியில் கிடக்கும்.

அந்த மிச்சம்தான் கோலா உருண்டையாகிறது. குழம்பை வற்றக் கொதிக்கவிட்டு, கறியை எலும்பிலிருந்து உதிர்த்து, தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். பச்சைக் கொத்துக்கறி என்றால் உப்புப் போட்டுப் பிசைந்ததும் அதன் புரதமே பசையாகப் பிடித்துக்கொள்ளும். வெந்த கறியில் அந்தப் புரதம் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். எவ்வளவு பிசைந்தாலும் உதிரும், எண்ணெயில் போட்டால் சட்டி முழுக்கத் தூள். அதனால்தான் பொட்டுக்கடலை மாவு, தேவைப்பட்டால் ஒரு முட்டை. பிறகு சோம்பு, தேங்காய், வதக்கிய சின்ன வெங்காயம், வடுகபட்டிப் பூண்டு. ஏலக்காய் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. ஏலக்காய்க்குப் பேர்போன போடியை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காயைக்கூடத் தட்டிப் போடாமல் இருப்பது கஞ்சத்தனம் என்பது என் கட்சி.

துண்டு பார்த்துப் பங்கிடுவது நம் ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். முழு வான்கோழியைச் சுட்டு மேசையில் வைத்து, வீட்டுப் பெரியவர் அறுத்துப் பங்கிடுவது அங்கே பழைய வழக்கம். நெஞ்சுக்கறி வெள்ளை, தொடைக்கறி கறுப்பு. எனக்கு இது, உனக்கு அது. பெரிய பறவை, ஒரு நாளில் தீராது. அந்த மிச்சத்தையும் உருண்டை பிடிக்கலாம். ஆனால் நெஞ்சுக்கறி மட்டும் என்றால் நார் நாராக வறண்டு போகும். தொடையின் கொழுப்புள்ள கறியும் சேர்ந்தால்தான் உருண்டை மெத்தென்று இருக்கும்.

அரைத்த பிறகு தொடை எது, கழுத்து எது? பூசாரி பங்கும் பங்காளி பங்கும் எங்கே போயின? மரியாதை என்பது வெட்டிப் பிரிப்பதில் பிறப்பது. பிரித்துக் காட்ட வழியில்லாமல் போனால் அதற்கு நிற்க இடமில்லை. விருந்து ஊரையே ஒன்றாக உட்கார வைக்கிறது, உண்மைதான். வரிசையாகத்தான் உட்கார வைக்கிறது. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பெருமை காட்ட ஆளில்லாத அடுப்படியில்தான் மனிதர்கள் சமமாகச் சாப்பிடுகிறார்கள். சமைத்தவள் தன் கைப்பக்குவத்தைச் சூடாகத் தின்று பார்ப்பதும் அன்றைக்குத்தான்.

ஏலத்தோட்டத்து ஜீப் விடிவதற்குள் வந்துவிடும். கம்பமெட்டும் போடிமெட்டும் ஏறிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, தூக்குவாளியில் சோற்றுக்கு மேலே உருண்டைகளை அடுக்கிக்கொண்டு ஏறுவாள். மத்தியானம் பக்கத்தில் இருப்பவளுக்கும் ஒன்று போகும். யார் வீட்டுக் கிடா, எந்தச் சாமிக்கு வெட்டியது என்றெல்லாம் அவள் விசாரிப்பதில்லை. பாதியைக் கடித்துவிட்டு, "பொட்டுக்கடலை ஒரு பிடி கூடிப்போச்சுக்கா" என்பாள்.