குழந்தையைக் கேட்டீர்களா?

உங்களுக்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது உங்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? கேட்டிருக்கவே மாட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, கையில் ஏதோ ஒரு மிட்டாயைத் திணித்து, நீங்கள் வீறிட்டு அழ அழ காரியத்தை முடித்திருப்பார்கள். அதற்காக இன்று யார்மீதும் உங்களுக்குக் கோபம் இல்லை. பெயர், தாய்மொழி, குலதெய்வம்... எதையுமே நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லையே!

அப்படியென்றால், கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்று கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஏன் இத்தனை நூற்றாண்டுகளாகச் சண்டை?

காரணம் இருக்கிறது. மொட்டை என்பது முடி சமாச்சாரம். மறுபடி வளர்ந்துவிடும். ஞானஸ்நானமோ, 'நான் நம்புகிறேன்' என்கிற வாக்குமூலம். எனக்குப் பதில் நீங்கள் சாப்பிட முடியாது. நீங்கள் நம்ப முடியுமா?

பைபிளைப் புரட்டினால் நேரடி விடை கிடையாது. பிலிப்பி ஊர்ச் சிறைக்காவலன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்த வீட்டில் தொட்டில் ஆடியதா என்று சொல்லவில்லை!

கி.பி. 200 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன், 'பச்சைக் குழந்தைக்கு என்ன அவசரம்? வளரட்டும், புரிந்துகொள்ளட்டும்' என்ற ரீதியில் எழுதினார். அவர் ஆட்சேபித்தார் என்றாலே அந்த வழக்கம் அப்போது இருந்தது என்றுதானே அர்த்தம்? ஐம்பது வருஷம் கழித்து அதே ஊர் ஆயர் சிப்ரியான், எட்டாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்றார்.

அடுத்து வந்தவர் அகுஸ்தினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கே குழந்தையில் ஞானஸ்நானம் ஆகவில்லை. 387-ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பெற்றார். ஆனால், பிறக்கும்போதே மனிதன் ஜென்மப் பாவத்தோடு பிறக்கிறான், ஆகவே குழந்தைக்கும் அது அவசியம் என்று அழுத்தமாக வாதாடியவர் அவர்தான். அதன்பின், தண்ணீர் படாமல் இறந்துபோன சிசுவை நினைத்து எத்தனை தாய்மார்கள் தவித்திருப்பார்கள்! அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என வாடிகனின் இறையியல் குழு எழுதியது 2007-ல்தான்.

இதெல்லாம் சாமி சம்பந்தப்பட்ட விஷயம், நமக்கென்ன என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சர்க்கார் உள்ளே வருகிறது.

1525-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் சிலர், 'குழந்தையில் கொடுத்தது செல்லாது' என்று சொல்லி, வளர்ந்தபின் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் ஆற்றில் அமுக்கிக் கொன்றது நகர சபை. சபைக்கு ஏன் அத்தனை ஆத்திரம்? சர்ச்சும் ஊரும் அன்று ஒன்று. குழந்தையின் தலையில் விழும் தண்ணீர், ஊர்க் கணக்கில் அதைச் சேர்க்கிற தண்ணீரும்கூட. அதை மறுப்பவன் ஊரையே மறுக்கிறான் என்று பயந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்ல. தமிழ் பேசுகிற மலைவாசிகள். ஜமுனாமரத்தூர் பக்கம் அப்படி ஒரு குடும்பம் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரால் மட்டும் அதன் பழங்குடி அந்தஸ்து போய்விடாது. 1950-ல் வந்த பழங்குடியினர் ஆணையில் மத நிபந்தனை இல்லை. அந்தச் சமூகத்தின் வழக்கங்களோடு குடும்பம் இன்னமும் ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மலையை விட்டுக் கீழே இறங்குங்கள். சமவெளியில் ஒரு தலித் குழந்தை. அதே தண்ணீர், அதே ஜெபம். ஆனால், அதே 1950-ல் வந்த பட்டியல் சாதியினர் ஆணையில் மத நிபந்தனை உண்டு. முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் குழந்தை பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் போய்விடும். கல்லறையில்கூடத் தனி இடம் ஒதுக்குகிற சாதி மட்டும் எங்கும் போகாது!

புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தந்தை பட்டியல் சாதியில் பிறந்தவர், தாய் கிறிஸ்தவர். அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார், தான் இந்து என்றார். கிடைக்கவில்லை. காட்டப்பட்ட ஆதாரங்களில் ஒன்று, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு. அது மட்டும் அல்ல. வளர்ந்தபின்னும் சர்ச்சுக்குப் போய் வருகிறார், இந்து மதத்துக்குத் திரும்பியதற்கு அத்தாட்சி இல்லை என்றும் நீதிமன்றம் கண்டது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. சட்டப்படி சரி. ஆனாலும், பேசத் தெரியாத வயதில் எழுதப்பட்ட ஒரு வரி, முப்பது வருஷம் கழித்து சாட்சிக்கூண்டில் ஏறியதே... அது நம்மைக் கொஞ்சம் உறுத்த வேண்டாமா?

சடங்கைக் கவனித்துப் பாருங்கள். அதில் பேசுவது குழந்தை அல்ல. அப்பா, அம்மா, ஞானத்தகப்பன், ஞானத்தாய். 'இந்த விசுவாசத்தில் வளர்ப்போம்' என்பது அவர்கள் தரும் வாக்கு. பிள்ளை வளர்ந்து தன் வாயால் சொல்வதற்கென்று கத்தோலிக்கர் உறுதிபூசுதலையும், சி.எஸ்.ஐ. சபையார் திடப்படுத்தலையும் தனியாக வைத்திருக்கிறார்கள். அதாவது, குழந்தையின் சம்மதத்துக்கு சர்ச்சே ஒரு காலியிடம் விட்டிருக்கிறது. ரெஜிஸ்டரில்தான் அந்தக் காலியிடம் இல்லை.

என் கட்சி இதுதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தப்பில்லை. தனக்கு உசத்தி என்று பட்டதைப் பிள்ளைக்குத் தராத பெற்றோர் உண்டா? ஆனால் அது பரிசு. குழந்தை போட்ட கையெழுத்து அல்ல. கொடுத்தவரைத்தான் அந்த வாக்கு கட்டும், வாங்கியவரை அல்ல.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் உங்கள் பிள்ளைக்கு ஒரு சாமியை, ஒரு சாதியை, ஒரு கட்சியைக்கூடக் கொடுத்திருப்பீர்கள். பதினெட்டு வயதில் அது வந்து, "எனக்கு இது வேணாம்ப்பா" என்றால், கொடுத்தது பரிசா, கடனா என்பது அன்றைக்கு உங்கள் முகத்தில் தெரிந்துவிடும்.