வராதவர் யார்?

நிலப்படம் பொய் சொல்லுமா? கோட்டுக்குக் கட்சி உண்டா, புள்ளிக்குப் பகை உண்டா என்று கேட்பர் சிலர். கேட்கட்டும். படத்தில் உள்ளதை மட்டும் பார்ப்பவர் அப்படித்தான் கேட்பர். அதில் இல்லாததைத் தேடிப் பார்ப்பவர்க்கு வேறு கேள்விகள் எழும்.

நிலப்படம் வளர்ந்த கதை, அதிகாரம் வளர்ந்த கதை. 1791இல் பிரிட்டனில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அளவைத் துறை தோன்றிற்று. ஆர்ட்னன்ஸ் என்றாலே படைக்கலம் என்று பொருள்! பிரெஞ்சுப் படை வந்திறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் தென்கரையை அளந்த துறை அது. 1802இல் நமது பரங்கிமலையருகே சங்கிலி பிடித்து நிலம் அளந்த லாம்டனும் படை அலுவலரே. அளக்கச் சொன்னதோ வணிகம் செய்ய வந்த கம்பெனி. எவருக்காக அளந்தார்கள் என்று விளக்கவும் வேண்டுமோ?

காலம் மாறியது; கணினி வந்தது. ஆயினும் மக்கள் வரிப்பணத்தில் வரைந்த படத்தைப் பயன்படுத்த, அந்த மக்களே மறுபடியும் விலை கொடுக்கும் விந்தை பிரிட்டனில் நீடித்தது. நமது தெருவை நாமே வரைந்தால் என்ன என்ற எண்ணத்துடன் 2004இல் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பணியைத் தொடங்கினார், லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர். எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம், எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம்! 2006 மே மாதத்தில், வைட் தீவிலே, முப்பது நாற்பது பேர் ஒரு வார இறுதியில் கூடினர். கையில் ஜி.பி.எஸ். கருவி, பகலெல்லாம் தெருத்தெருவாகச் சுற்றல், மாலையில் ஒன்றாக அமர்ந்து, கண்டதைப் படத்தில் ஏற்றல். மேப்பிங் பார்ட்டி என்று அதற்குப் பெயர். கூலியில்லை, ஆணையிட மேலதிகாரியில்லை. 2010 ஏப்ரலில் ஆர்ட்னன்ஸ் சர்வேயே தன் படங்களில் ஒரு பகுதியைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

இந்தத் தொண்டர்களிடையே ஒரு நெறி உண்டு. பகுத்தறிவாளர்க்கு அது கற்கண்டாய் இனிக்கும். தெருவின் பெயர் இதுவா அதுவா என்று இருவர் வாதிட்டால், பழைய ஏட்டைப் புரட்டித் தீர்ப்பதில்லை. பெரியவர் சொன்னார் என்று தலையாட்டுவதில்லை. நேரில் போய்ப் பார், அங்கே என்ன இருக்கிறதோ அதை எழுது என்பதே தீர்ப்பு. தனியாக வரைபவனுக்குத் தன் கண் கண்டதே உலகம். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமரும்போது, இந்தச் சந்து முட்டுச்சந்து அல்லவா, அந்தப் பாலம் இடிந்து மாதம் மூன்றாயிற்றே என்று ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்கிறார். தேநீரும் சிரிப்புமாக நடக்கும் அந்தக் கூட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆயினும் தோழர்களே, அந்த மேசையைச் சற்று உற்றுப் பாருங்கள். யார் யார் அமர்ந்திருக்கிறார்கள்?

லண்டனிலும் ஜெர்மானிய நகரங்களிலும் இக்கூட்டங்கள் பெரும்பாலும் மாலை வேளையில், மதுவகம் ஒன்றில் நடந்துவந்தன. வந்தவரில் மிகப் பெரும்பாலோர் ஆடவர். அதனால் என்ன கெட்டுவிட்டது என்கிறீர்களா? 2011இல், குழந்தைக் காப்பகத்துக்கென்று படத்தில் தனிக் குறி ஒன்று வேண்டுமென்று முன்மொழியப்பட்டது. வாக்கெடுப்பில் அது தேறவில்லை! மதுவகத்துக்குக் குறி இருந்தது. நடனக் கூடத்துக்கு இருந்தது. பரத்தையர் விடுதிக்கும் இருந்தது. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய் தேடும் இடத்துக்கு மட்டும், புதுக் குறி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. பின்னர் அக்குறி புழக்கத்துக்கு வந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் அன்று மறுத்தவர்கள் கொடியவர்களா? இல்லை. காப்பகத்தைத் தேடி அலைந்த கால்கள் அந்த மேசையடியில் இல்லை, அவ்வளவுதான்.

கதவு திறந்துதானே இருக்கிறது, வரவேண்டாம் என்று யார் தடுத்தார் என்பர். பள்ளிக்கதவும் திறந்துதான் இருக்கிறது, படிக்க வராதது உங்கள் குற்றம் என்று சொன்ன மேலோரை நாம் அறிவோம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாங்கள் நாள்தோறும் வருகைப் பதிவேட்டை விரிக்கிறோம். வந்தவரை எண்ணி மகிழ்வதற்கு அன்று. வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்று அறிவதற்கு. தொண்டர் கூட்டங்களும் அத்தகைய ஏடொன்றை விரித்தாக வேண்டும்.

விரித்தவர்களும் இருக்கிறார்கள். கென்யாவின் தலைநகரான நைரோபியில் கிபேரா என்னும் குடிசைப் பகுதி உண்டு. உலகத் தலைவர்கள் வந்து பார்த்த இடம்; உலக ஏடுகள் இரக்கம் பொழிந்த இடம். பத்து இலட்சம் பேர் வாழ்கிறார்கள் என்றே எங்கும் பேச்சு. 2009 குடிக்கணக்கோ ஏறத்தாழ 1,70,000 என்றது. அந்தக் கணக்கை ஏற்காதாரும் உளர். எப்படியாயினும், இத்தனை பேர் பேசிய இடம், அந்த ஆண்டின் இறுதிவரை பொதுமக்கள் பார்க்கும் படங்களில் ஏறத்தாழ வெற்றிடம்! வெளியிலிருந்து வந்த தொண்டர்கள் தாமே வரைந்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கருவியைக் கிபேராவின் இளைஞர், இளம்பெண்கள் கையில் கொடுத்து, வரையக் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர் எங்கே கிடைக்கிறது, கழிப்பிடம் எங்கே, மருந்து எங்கே, பள்ளி எங்கே என்று படம் நிறைந்தது. பிறகு பெண்களை அமரவைத்து, எந்த வழியில் அஞ்சாமல் நடக்கலாம், எந்த வழியில் நடக்க அச்சம் என்று குறிக்கச் செய்தனர். வானிலிருந்து பிடித்த எந்தப் படத்திலும் அந்த அச்சம் தெரியாது. அந்தத் தெருவிலேயே வாழும் ஆடவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே படம் திருத்தக் கூடும் நண்பர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்று. அடுத்த கூட்டத்தை மாலையில் அல்லாமல் பகலில், மதுவகத்தில் அல்லாமல் ஒரு நூலகத்தில், குழந்தையோடு வருவோர்க்கும் இடம் ஒதுக்கி, ஒருமுறை நடத்திப் பாருங்கள். அன்று புதிதாக ஏறும் புள்ளிகள் எவை என்று எண்ணி எழுதுங்கள்.