ஆச்சிக்கு எதற்கு நாய்க்குட்டி?



எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய்க்கு நாய்க்குட்டி ஒன்று தேவைதானா? இக்கேள்வியைக் கேட்டவுடன் சிலர் சிரிப்பர். நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, பத்திரிகையில் நாய்க்குட்டியைப் பற்றியா எழுதுவது என்று வேறு சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். ஆனால் மனித வாழ்வின் பெரிய கேள்விகள் பெரிய மண்டபங்களில் மட்டும் எழுவதில்லை. அடுக்களையிலும் முற்றத்திலும் விறாந்தையிலும் அவை நாள்தோறும் எழுகின்றன. முதியோரை நாம் எவ்வாறு நேசிக்க வேண்டும்? நம்மை நம்பி வந்த ஓர் உயிருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டவர்கள்? இவ்விரு கேள்விகளும் அந்த நாய்க்குட்டியோடு சேர்ந்தே படலைக்குள் நுழைகின்றன.

நம் ஊர்களில் எங்கும் காணக்கூடிய ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வருவோம். ஆச்சி கணவனை இழந்தவர். ஆண்மக்கள் இருவர் வெளிநாட்டில். கடைசி மகள் தன் கணவனோடும் இரு பிள்ளைகளோடும் ஆச்சியுடன் இருக்கிறாள். காலை ஏழரை மணிக்கு மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவர். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய், அங்கிருந்து ரியூசனுக்கும் போய், பொழுதுபட வீடு திரும்புவர். ஆச்சிக்கு எக்குறையும் இல்லை. மாதந் தவறாமல் பணம் வருகிறது. மருந்துகள் நேரத்துக்கு வந்து சேருகின்றன. மின்விசிறி உண்டு, தொலைக்காட்சி உண்டு. பகல் முழுவதும் அவரோடு பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் பேரன் தன் சிநேகிதன் வீட்டிலிருந்து கடதாசிப் பெட்டியொன்றில் ஒரு குட்டியைக் கொண்டு வருகிறான். ஜிம்மி என்று பெயரும் வைத்தாயிற்று. அன்று முதல் அந்த வீடு பழைய வீடாக இருப்பதில்லை. செருப்புகளில் ஒன்று கிணற்றடியிலும் மற்றது வேலியோரத்திலும் கிடக்கிறது. காயப்போட்ட துணி புழுதியிற் புரளுகிறது. குரோட்டன் செடியின் அடியில் குழி தோண்டப்படுகிறது. ஆச்சி எழுந்து நடந்தால் அவரது சேலைத் தலைப்பு குட்டியின் வாயில் இருக்கிறது. “எடேய், விடடா சேலையை!” என்ற குரல் அயல்வீட்டுக்கும் கேட்கிறது. வெளிநாட்டு மகன் தொலைபேசியில், “அம்மா, இந்த வயதிலை உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை? ஆருக்கும் குடுத்துவிடுங்கோ” என்கிறான். ஆச்சியோ, “பார்ப்பம் தம்பி” என்கிறார். குட்டியைக் கொடுப்பதாக இல்லை.

மகன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஆச்சி ஏன் கொடுக்க மறுக்கிறார் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

நம் வீடுகளில் முதியோரிடம் நாம் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ, நான் பார்க்கிறன்.” இது அன்பினாற் பிறந்த வாக்கியம் என்பதில் ஐயமில்லை. முதலில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை அவரிடமிருந்து வாங்குகிறோம். பின்பு தேங்காய் துருவுவதை. அதன்பின் சந்தைக்குப் போவதை. கடைசியில் திறப்புக் கோர்வையும் கைமாறுகிறது. ஒவ்வொன்றையும் அவருடைய நன்மைக்காகவே செய்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காலத்தில் நான்கைந்து பிள்ளைகளையும் மாடு கன்றையும் வீட்டையும் வளவையும் தாங்கிய ஒரு பெண்ணுக்கு இப்போது எஞ்சியிருப்பது ஒரு சாய்மனைக் கதிரை மட்டுமே. அவருக்கு எல்லோரும் செய்கிறார்கள். அவர் செய்யவேண்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை.

மனிதனுக்கு அன்பைப் பெறுவது எவ்வளவு அவசியமோ, அன்பைக் கொடுப்பதும் அவ்வளவு அவசியம். பெறுவது மட்டுமே வாழ்வாகிவிட்டால், வயிறு நிறைந்திருந்தும் உள்ளம் வாடிவிடும். ஜிம்மி செய்தது இதுதான்: அந்த வீட்டில் எல்லோரும் ஆச்சிக்கு எதையோ கொடுக்க வந்தபோது, அது மட்டும் ஆச்சியிடம் கேட்க வந்தது. காலையில் சோறு கேட்டது, நடுப்பகலில் தண்ணீர் கேட்டது, இடிமுழக்கத்துக்குப் பயந்து மடி கேட்டது. ‘நான் எழும்பாவிட்டால் இது பட்டினி கிடக்கும்’ என்ற எண்ணம், முழங்கால் வலியோடும் அவரை விடியற்காலையில் எழுப்புகிறது.

இது வெறும் மனவுணர்ச்சிப் பேச்சன்று. 1976ஆம் ஆண்டில் எலன் லாங்கர், யூடித் றோடின் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள முதியோர் இல்லமொன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு மாடியிலிருந்தோருக்குச் செடி ஒன்று கொடுத்து, அதை வளர்ப்பது உங்கள் பொறுப்பு என்றனர். அறையை ஒழுங்குபடுத்துவது, படம் பார்க்கும் நாளைத் தெரிவுசெய்வது போன்றவற்றையும் அவர்களிடமே விட்டனர். இன்னொரு மாடியிலிருந்தோருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தாதியர் பார்த்துக்கொள்வர் என்று சொல்லப்பட்டது. சில வாரங்களில் முதற் பிரிவினரே கூடுதல் உற்சாகமும் சுறுசுறுப்பும் உடையவராய்க் காணப்பட்டனர். நூறு பேருக்கும் குறைவானோரிடம் நடத்தப்பட்ட சிறிய ஆய்வுதான் இது. எனினும், நம் பாட்டிமார் படிக்காமலே அறிந்திருந்த உண்மையை அது தொட்டுக்காட்டுகிறது. இரு சாராருக்கும் கிடைத்தது ஒரே செடிதான். பொறுப்பு மட்டும் ஒரு சாராருக்கே கிடைத்தது.

அப்படியானால் வயோதிபர் உள்ள வீடெங்கும் ஒரு குட்டியைக் கொண்டுபோய் விடுவோமா? அவசரப்படலாகாது. மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது, ஆபத்து. அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரையான காலத்தை ஆராய்ந்த அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர், நாய் பூனைகளால் இடறி விழுந்து காயப்பட்டு வைத்தியசாலைக்கு வருவோர் ஆண்டொன்றுக்குச் சராசரி 86,000 பேருக்கு மேல் எனக் கணித்தனர். அவற்றிற் பெரும்பாலானவை நாய்களால் நேர்ந்தவை. காலுக்குள் ஓடும் குட்டியால் ஒரு மூதாட்டியின் இடுப்பெலும்பு முறியுமானால், பிறகு அன்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எனவே குட்டியின் கழுத்தில் ஒரு சிறு மணியைக் கட்டுங்கள். அது எங்கே நிற்கிறதென்று ஆச்சிக்குக் கேட்கும். சோற்றுக் கோப்பையை அவர் குனியாமல் வைக்கக்கூடிய ஒரு திண்ணையில் வைக்கப் பழக்குங்கள். கடிப்பதையிட்டு அதிகம் கலங்க வேண்டாம். நான்காம் மாதமளவில் பாற்பற்கள் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்தில் நிலைப்பற்கள் முளைத்துவிடும். அதுவரை பழைய துணி முடிச்சொன்று சேலைத் தலைப்பைக் காப்பாற்றும்.

விசர்நாய்க்கடி நோயை மட்டும் இலேசாக எண்ணக்கூடாது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை பெருமளவு குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு இடப்படும் தடுப்பூசி ஒரு முக்கிய காரணம். நோய் முற்றியபின் மருந்தில்லை. ஆகவே தடுப்பூசி போடாத நாயை வீட்டில் வைத்திருப்பவர், தம் வீட்டாரையும் அயலாரையும் ஆபத்தில் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, மனிதர் பசித்திருக்க விலங்குக்குச் செலவிடலாமா என்ற கேள்வி. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் இரு பக்கத்தையும் சமமாக வைக்கிறது. விலங்குகளை வீணே வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது. மனிதரின் துயர் துடைக்கச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளிற் கொட்டுவதும் தகாது. ஜிம்மி தின்பது ஆச்சியின் கோப்பையில் மிஞ்சிய சோறும் மீன்தலையுந்தான். அதனால் எந்த ஏழையின் வயிறும் காயப்போவதில்லை. ஆனால் நாய்க்கு விலையுயர்ந்த உணவு வாங்கி வைத்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பழஞ்சோறு கொடுக்கும் வீடுகளும் உண்டல்லவா? அங்கே குற்றம் நாயினுடையதன்று.

மூன்றாவது கேள்வி இன்னும் கூர்மையானது. நாய் மனிதருக்குப் பதிலாகிவிடுமா? பிள்ளைகளுக்குப் பதிலாக நாய் பூனைகளை வளர்க்கும் போக்கைக் குறித்துப் பாப்பரசர் பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு சனவரியில் கவலை தெரிவித்தபோது, உலகெங்கும் விவாதம் எழுந்தது. அவர் பேசியது இளந் தம்பதியரைப் பற்றி. நம் சூழலில் கேள்வி மறுபுறமாகத் திரும்புகிறது. அம்மாவுக்குப் பொழுதுபோக ஒரு நாய் இருக்கிறதே என்று பிள்ளைகள் ஆறுதலடைந்து, தாங்கள் பேசும் நேரத்தைக் குறைத்துக்கொள்வார்களானால், அந்த நாய்க்குட்டி ஒரு கொடையன்று. கடமையிலிருந்து தப்பிக்கொள்ள ஒரு சாட்டு. தோபித்து நூலைப் படித்தவர்களுக்கு, மகன் தொலைநாட்டுக்குப் புறப்பட்டபோது அவனோடு ஒரு நாயும் போனது நினைவிருக்கும். திரும்பி வந்தபோதும் அது பின்னால் வந்தது. ஆனால் வீட்டில் இருந்த தாய் அன்னா நாள்தோறும் வழிபார்த்திருந்தது நாயை அன்று, மகனை. நாய் துணைக்கு வரலாம். மகனின் இடத்துக்கு வரமுடியாது.

நான்காவது கேள்வியே நமக்கு மிகக் கடினமானது. அதை நாம் கேட்பதும் குறைவு. இதுவரை ஆச்சியின் நன்மையைப் பற்றிப் பேசினோம். நாய்க்குட்டியின் பங்கு என்ன?

விலங்குகளைக் கொடுமைப்படுத்துபவன் மனிதரிடமும் கொடியவனாவான். ஆகையால் இரக்கம் பழகவேண்டும் என்று புனித தோமஸ் அக்குவைனஸ் கருதினார். பல நூற்றாண்டுகளின் பின் காண்ட் என்னும் ஜேர்மன் மெய்யியலாளரும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினார். ஆங்கிலேயரான பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா என்பதைவிட, அதற்குத் துன்பம் உண்டா என்பதையே நோக்கவேண்டும் என வாதித்தார். இவர்கள் எவரையும் ஆச்சி படித்ததில்லை. தம் பண்பைத் திருத்திக்கொள்வதற்காக அவர் குட்டிக்குச் சோறு வைப்பதுமில்லை. அது பசித்திருக்கிறது, தம்மைப் பார்க்கிறது, அவருக்கு அது போதும். அவரது எளிய நியாயத்தில், அறிஞர் வாதங்களில் விடுபட்ட ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது. ஓர் உயிரைத் தன்னை நம்பும்படி பழக்கியவன், அந்த நம்பிக்கைக்குக் கடன்பட்டவனாகிறான்.

மகாபாரதத்தின் இறுதிக் கட்டத்தை நம் நாட்டில் அறியாதவர் இல்லை. தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு வந்தாற்றான் சுவர்க்கம் என்றபோது, தருமர் அந்தச் சுவர்க்கத்தையே வேண்டாமென்றார். நம்பி வந்ததைக் கைவிடுவது பாவம் என்பதில் இம்மண்ணின் சமயங்களெல்லாம் ஒரே மனமாய் நிற்கின்றன. ஆனால் நம் நடைமுறை என்ன? சந்தைக்குப் பின்னால், கோயில் மதிலோரத்தில், சந்தியில் நிற்கும் மரத்தடியில் உரப்பைக்குள் முனகும் குட்டிகளைக் காணாதவர் யார்? அவற்றிற் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். கண் திறந்ததும் திறவாததுமாய், தாயின் பாலை விட்டுப் பிரிக்கப்பட்டவை. கடுவன் என்றால் வீட்டுக்கு, பெட்டை என்றால் வீதிக்கு என்ற இந்த நியாயத்தை எந்தச் சமயத்திலிருந்து கற்றோம்? தாய்நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பது இக்கொடுமையைவிட எவ்வளவோ மேல்.

ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுவரை உயிர்வாழும். ஆச்சிக்கு எழுபத்திரண்டு. கணக்குப் பார்க்க எவருக்கும் விருப்பமில்லை. ஆயினும் பார்க்கத்தான் வேண்டும். குட்டியை வீட்டுக்குள் எடுத்தபோது ஆச்சி மட்டும் ஒரு வாக்குக் கொடுக்கவில்லை. பெட்டியிற் கொண்டுவந்த பேரனும், சரியென்று தலையசைத்த மகளும், மௌனமாயிருந்த மருமகனும் சேர்ந்தே அவ்வாக்கைக் கொடுத்தார்கள். ஆச்சியால் முடியாத நாள் வரும்போது, படலையடியில் அவரைத் தேடிக் காத்துநிற்கும் அந்த நாய்க்கு யார் சோறு வைப்பது? இதற்கு விடை சொல்லமுடியாத வீடு குட்டியை எடுக்காதிருப்பதே நன்று. விடை சொல்லக்கூடிய வீடு ஆச்சியிடமிருந்து அதைப் பறிக்காதிருப்பதே நன்று. ‘எனக்குப் பிறகும் இதைப் பார்க்க ஆள் உண்டு’ என்ற உறுதி ஒரு முதிய உள்ளத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை எண்ணிப்பாருங்கள். நாயைப் பற்றிக் கிடைத்த அந்த உறுதியில், தன் வீட்டைப் பற்றியும் தன் மக்களைப் பற்றியும் அவர் ஓர் உறுதியைப் பெறுகிறார்.

எனவே, வாசகர்களே, ஆச்சிக்கு எதற்கு நாய்க்குட்டி என்ற கேள்விக்கு நாம் காணும் விடை இதுவே. ஆச்சிக்குத் தேவையானது நாய்க்குட்டி என்பதைவிட, தம்மை எதிர்பார்த்திருக்கும் ஒருவர். அதை ஒரு குட்டி கொடுத்தால் நன்றி சொல்வோம், அதைக் காப்போம். ஆனால் அதைக் கொடுக்க ஒரு நாய்தான் வரவேண்டுமா? நம் வீடுகளில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளும் மருமகளும் இருக்கிறார்கள். தொலைபேசியின் மறுமுனையில் மகன் இருக்கிறான். “சாப்பிட்டீங்களோ, மருந்து குடிச்சீங்களோ” என்று கேட்பதோடு நில்லாமல், அவரிடமிருந்து எதையாவது கேளுங்கள். ஒடியற்கூழுக்கு எதை முதலில் இடுவது என்று கேளுங்கள். பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரும்படி கேளுங்கள். வீட்டில் ஒரு முடிவெடுக்கும்போது அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். வேலை தாமதித்தால் தாமதிக்கட்டும்.

நம் பெரியோரைச் சும்மா இருத்துவதை மரியாதை என்று எண்ணியது போதும். நாளைக் காலை அவர்கள் எழும்புவதற்கு ஒரு காரணத்தை நாமே அவர்கள் கையிற் கொடுப்போம்.