கற்கும் பருவத்தில் கூலி

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் உண்டு. எண்பது வயதைக் கடந்தும் காலைத் திருப்பலிக்குத் தவறாதவர். சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒருநாள், மற்றவர்கள் கலைந்து சென்ற பின்னும் அவர் மட்டும் பங்கு இல்லத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் குடும்பம் கனடாவில் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தி வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு மாணவி. செப்டம்பரில் வகுப்பு தொடங்கி நான்கு மாதம் படித்தாள். ஜனவரியில் பல்கலைக்கழக ஏற்பாட்டின்படியே ஒரு தொழிற்கூடத்தில் சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்தாள். மே மாதம் மறுபடியும் வகுப்பு. முதல் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாத்தாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

பெரியவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "சாமி, இந்தப் பணத்தை நான் தொடலாமா? படிக்கிற பிள்ளை கையில் இப்பொழுதே சம்பளம் வந்துவிட்டால், அறிவுக்காகப் படிப்பது என்பது அவளுக்கு இனி விளங்குமா?" என்றார்.

"பேரப்பிள்ளையின் அன்பு, வாங்கிக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவரின் கேள்வியை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் நான் படித்ததையும் எண்ணியதையும் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இம்முறைக்குக் கூட்டுறவுக் கல்வி என்று பெயர். நம் ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் ஒரே மாணவனைச் சேர்ந்து உருவாக்குவதால் வந்த பெயர். இதைத் தொடங்கியவர் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர். பென்சில்வேனியாவின் நிலக்கரி நாட்டில் பிறந்தவர். லீஹை பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது ஒரு மாலை நடந்துகொண்டிருந்தார் என்றும், அருகிலிருந்த எஃகு ஆலையின் உலை திடீரெனச் சீறி எழுந்த ஒலியில் இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது என்றும் சொல்வதுண்டு. வகுப்பறை ஒரு பக்கம், உலை மறுபக்கம், நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். (அந்த ஊரின் பெயர் பெத்லகேம் என்பதைக் கண்டபோது நான் சற்று நின்று புன்னகைத்தேன்.)

பின்னர் இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சின்சினாட்டி நகரப் பல்கலைக்கழகத்திற்கு அவர் சென்றார். அங்கே 1906ஆம் ஆண்டு 27 மாணவர்களோடு திட்டம் தொடங்கியது. ஆட்சிக் குழுவினர் ஓராண்டுக்கு மட்டும் அனுமதி வழங்கினார்கள். தோற்றால் பொறுப்பு தங்களுடையதன்று என்றும் தீர்மானத்திலேயே எழுதிவைத்துக்கொண்டார்கள். பங்குப் பேரவைகளில் அமர்ந்து பழகிய நமக்கு இவ்வகைத் தீர்மானம் புதிதன்று. திட்டம் தோற்கவில்லை. ஷ்னைடர் 1928இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவே உயர்ந்தார்.

அவர் வகுத்த முறையில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறிய ஏற்பாடு. மாணவர்களை இருவர் இருவராக இணைத்தார். ஒருவன் ஒரு வாரம் கல்லூரியில் இருக்கும்போது மற்றவன் தொழிற்சாலையில் இருப்பான். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே வேலையிடம். ஆகவே முதலாளிக்கு ஆள் குறைவில்லை. ஆனால் இதன் உள்ளே ஓர் அறமும் ஒளிந்திருக்கிறது. நான் அரைகுறையாக விட்டுச் சென்ற வேலையைத் திங்கட்கிழமை என் தோழன் எடுத்துச் செய்தாக வேண்டும். தேர்வில் நான் தவறினால் இழப்பு எனக்கு. பட்டறையில் நான் தவறினால் பிறன் கை நசுங்கும். வகுப்பறை எவ்வளவு முயன்றாலும் இந்தப் பாடத்தைச் சொல்லித்தர முடிவதில்லை.

இனிப் பெரியவரின் அச்சத்திற்கு வருவோம். அது எளிய அச்சமன்று. 2019இல் புனிதராக அறிவிக்கப்பட்ட கர்தினால் நியூமன், 1852இல் டப்ளின் நகரில் ஆற்றிய புகழ்பெற்ற உரைகளில், அறிவு தன்னளவிலேயே தேடத்தக்கது, அதற்குப் பயன் என்னும் சான்றிதழ் தேவையில்லை என்று வாதிட்டார். கூலியைக் காட்டிக் கல்வியை அளப்பவர்களுக்கு அவர் அன்றே மறுமொழி கூறிவிட்டார் எனலாம். ஆயினும் அதே நியூமன் தாம் நிறுவிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1855இல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிவைத்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தொழிலை அவர் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கவில்லை. தொழில் மட்டுமே பல்கலைக்கழகம் ஆகிவிடக்கூடாது என்றார். அவருக்கும் மிக முன்பே புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு ஒரே நாளில் கையுழைப்புக்குச் சில மணி நேரமும் வாசிப்புக்குச் சில மணி நேரமும் வகுத்துக் கொடுத்திருந்தார். உழைப்பவர் வேறு, வாசிப்பவர் வேறு என்று அவர் மடத்தை இரண்டாகப் பிரிக்கவில்லை.

பொறியியலுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எண்ணவும் வேண்டாம். 1921இல் ஆர்தர் மார்கன் என்பவர் ஒஹாயோ மாநிலத்து ஆண்டியாக் கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் படிப்பவர்களையும் வேலைக்கு அனுப்பினார். தொழில் கற்பதைக் காட்டிலும் வாழ்க்கையில் முதிர்ச்சி பெறுவதே அங்கு நோக்கம். இதே மார்கன் 1948இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் உறுப்பினராக இந்தியாவுக்கு வந்தார். நம் இலட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் இருந்தார். படிப்பும் உழைப்பும் இணைந்த ஊரகப் பல்கலைக்கழகம் என்னும் சிந்தனை அக்குழுவின் அறிக்கையில் இடம்பெற்றது. ஆக, வாட்டர்லூப் பேத்தியின் சம்பளமும் நம் நாட்டுக் கல்விச் சிந்தனையும் தொலைவில் உறவினரே. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஆலைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தாண்டு நடத்தப்படும் 'சாண்ட்விச்' படிப்பை வாசகர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள்.

இவ்வளவும் நூலறிவு. உண்மையில் என்னைத் தெளிவித்தது என் சொந்தத் தவறு ஒன்று.

மெய்யியல் முடித்து இறையியல் தொடங்கும் முன் குருமாணவர்களை ஓராண்டு களப்பணிக்கு அனுப்புவார்கள், ரீஜென்சி என்போம். நான் ஒரு மாணவர் விடுதிக்குச் சென்றேன். சரக்கறைக் கணக்கு என் பொறுப்பு. கணக்கில் நான் என்றுமே வல்லவனல்லன், அக்கறையும் காட்டவில்லை. ஒரு மாதம் அரிசி முன்னதாகவே தீர்ந்தது. பொறுப்பாளரான குருவானவர் நல்ல மனிதர். "பரவாயில்லை பிரதர், கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறீர்கள்" என்று தோளில் தட்டினார். அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு இரவில் கஞ்சி. எனக்கு வழக்கம்போல் குருவானவரின் மேசையில் சோறு.

எனக்குக் கூலி இல்லை. ஆகவே என்னைக் கேட்பாரும் இல்லை. நான் கற்றுக்கொள்வதற்கான விலையை அந்தச் சிறுவர்களின் வயிறு கொடுத்தது. சம்பளம் பெறுபவனாக இருந்திருந்தால் அந்த அரிசிக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். மறு ஆண்டு அறநெறி இறையியல் வகுப்பில் ஈடுசெய்தல் பற்றிய பாடம் வந்தது. உடன்படித்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண்முன் கஞ்சிப் பானை நின்றது. அந்தப் பாடம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. வேலை மட்டும் இருந்திருந்தால் அதை ஒரு சில்லறைத் தவறாக மறந்திருப்பேன். வகுப்பு மட்டும் இருந்திருந்தால் ஈடுசெய்தல் ஒரு சொல்லாகவே நின்றிருக்கும். திரும்பி வகுப்புக்கு வந்ததுதான் இரண்டையும் சேர்த்துக் கட்டியது.

ஆகவே கூலி படிப்பைக் கெடுக்கும் என்பதை விட, கூலியற்ற பயிற்சி மாணவனைப் பொறுப்பற்றவனாக்கும் என்றே நான் அஞ்சுகிறேன். அது நீதியும் அன்று. சம்பளமில்லாத பயிற்சியில் மாதக்கணக்கில் இருக்க யாரால் முடியும்? தந்தையின் பணத்தில் வாடகை கட்டக்கூடியவனால் முடியும். மீனவர் மகனுக்கும் கட்டடத் தொழிலாளியின் மகளுக்கும் அந்தக் கதவு தட்டாமலே மூடிக்கொள்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலையின் மதிப்பை அதன் விளைபொருளிலிருந்து அல்ல, அதைச் செய்யும் மனிதரிடமிருந்து அளக்கவேண்டும் என்று போதித்தார். கற்றுக்கொண்டிருப்பவரும் மனிதர்தாம்.

ஆனால் இம்முறையைப் புகழ்ந்து மட்டும் நிறுத்தினால் பெரியவருக்கு நான் நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். வாட்டர்லூவில் 1957இல் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட மாணவர்களோடு தொடங்கியது இன்று மிகப் பெரியதாக வளர்ந்துள்ளது. வேலை கையில் வைத்து வழங்கப்படுவதில்லை. படித்துக்கொண்டே விண்ணப்பித்து, நேர்காணலுக்குச் சென்று, பிறரோடு போட்டியிட்டுப் பெற வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை, பாடத்தில் ஒன்றும் பெரிதாகக் கற்றுக்கொள்ளும் முன்பே, தன்னைச் சந்தையில் நிறுத்திப் பார்க்கிறது. பத்து இடங்களில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிள்ளை தன் மதிப்பே அவ்வளவுதான் என்று நம்பிவிட்டால் அதைத் தேற்றுவது யார்? வேறொரு கேடும் உண்டு. ஷ்னைடரே மனிதனுக்கு ஊக்கமூட்டும் வேலை, அவனை உலர்த்திவிடும் வேலை என்று பிரித்துப் பேசியவர். நகல் எடுக்கவும் தேநீர் வாங்கவும் மாணவனை வைத்துக்கொண்டு மலிவாக ஆள் கிடைத்தது என்று மகிழும் நிறுவனம், சம்பளம் கொடுத்தாலும் அவனுடைய நான்கு மாதங்களைத் திருடுகிறது. இங்கே பல்கலைக்கழகம் கண்மூடி இருந்தால் அதுவும் உடந்தையே.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் இரண்டு மூன்று சந்திப்புகளில் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. பணத்தை என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். வேலைக் காலம் முடிந்ததும் பேத்தி எழுத வேண்டிய அறிக்கையாம். தாத்தா பார்த்துத் திருத்தித் தரவேண்டும் என்று அனுப்பியிருக்கிறாள். பக்கந்தோறும் சிவப்பு மை. ஒரு பக்கத்தில் மட்டும் திருத்தமே இல்லை. தான் போட்ட அளவு தவறாகப் போனதையும், அதைப் பட்டறையில் இருந்த ஒரு முதிய தொழிலாளி கண்டுபிடித்துச் சொன்னதையும், வகுப்பு தொடங்கியதும் அதைப் பேராசிரியரிடம் கேட்கப்போவதையும் அவள் அதில் எழுதியிருந்தாள்.

"சாமி, இதில் 'டாலரன்ஸ்' என்று அடிக்கடி எழுதுகிறாள். சகிப்புத்தன்மை என்று வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லையே" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. அவளிடமே கேட்டுவிடுகிறேன் என்று அலைபேசியை எடுத்தவர், அங்கே இப்பொழுது நள்ளிரவு என்பது நினைவுக்கு வரவும், அதைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.