செங்கோலும் சிறைக்கதவும்

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்ட 130ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா, ஐந்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்கு உரிய குற்றச்சாட்டின்பேரில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் பிரதமர், முதலமைச்சர், அமைச்சர் எவராயினும் 31ஆம் நாள் பதவி நீங்குவார் என்கிறது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்ட அம்மசோதாவை ஒட்டி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரின் நாற்காலியைப் பற்றியனவாகவே இருக்க, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரை எங்கே வைப்பது என்ற பழைய கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று. ஊழல் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்த அரசியல்வாதி சிறைக்குச் செல்ல வேண்டுமா, பதவியும் பணமும் பறிபோனால் போதுமா என்பதே அக்கேள்வி. செல்ல வேண்டும் என்பதே அறத்தின் விடை. அதுவும் தீர்ப்பு நாளிலிருந்தே, விதித்த காலம் முழுதும், பக்கத்து அறைக் கைதிக்குக் கிட்டாத வசதி எதுவும் இல்லாமல்.

இங்கே இரண்டு சிறைகளைப் பிரித்தறிவது முதல் தேவை. குற்றச்சாட்டு எழுந்ததும், சாட்சியைக் கலைக்காமலும் தப்பி ஓடாமலும் இருக்க ஒருவரை அடைத்து வைப்பது விசாரணைக் காவல். அது தண்டனை ஆகாது. சாட்சியங்களை ஆராய்ந்து குற்றவாளி என்று தீர்த்தபின் விதிக்கப்படுவதே தண்டனைச் சிறை. அதிலும் வேலை வாங்கப்படுவது கடுங்காவல், வேலையின்றி அடைத்து வைப்பது வெறுங்காவல். விசாரணைக் காவல் அரிதாகவும் தண்டனைச் சிறை தவறாமலும் நிகழ்வதே நேரிய முறை என்றிருக்க, இந்நாட்டில் அரசியல்வாதிகள் வகையில் நடந்து வருவது நேர்மாறானது.

இதற்குத் தமிழ்நாட்டு வரலாறே போதிய சான்று. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 1996 டிசம்பர் 7 அன்று வண்ணத் தொலைக்காட்சி கொள்முதல் வழக்கில் கைதாகி, சென்னை மத்தியச் சிறையில் 28 நாள் இருந்தார். அவ்வழக்கிலிருந்து 2000ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டார். வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துச் சேர்த்த வழக்கில், அதாவது 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான காலத்தில் வந்த வழி காட்ட முடியாத சொத்து குவிந்தது என்ற வழக்கில், பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2014 செப்டம்பர் 27 அன்று அவருக்கு நான்காண்டு வெறுங்காவலும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். அத்தீர்ப்புக்குப் பின் பரப்பன அக்ரஹாரச் சிறையில் 7402 என்ற எண்ணுடன் அவர் இருந்தது 21 நாள். விடுவிக்கப்பட்ட வழக்கில் 28, தண்டிக்கப்பட்ட வழக்கில் 21. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் சட்டம் தன் வேலையைச் செய்கிறது என்று ஆறுதல் கொள்வோர் இருப்பரேல் அவர்களின் பொறுமையை வியக்கத்தான் வேண்டும்.

இது ஒரு கட்சிக்கோ ஒரு தலைவருக்கோ உரிய விதிவிலக்கும் அன்று. இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை வழக்கில் ஆ. ராசா 15 மாதமும் கனிமொழி ஏறத்தாழ ஆறு மாதமும் திகார் சிறையில் இருந்தபின், 2017 டிசம்பர் 21 அன்று விசாரணை நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அமைச்சராக இருந்தபோது சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் கைதான செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14 முதல் 471 நாள் காவலில் இருந்து பிணையில் வந்தார். அப்போது அவ்வழக்கில் தீர்ப்பே வந்திருக்கவில்லை. தீர்ப்புக்கு முன் சிறை, தீர்ப்புக்குப் பின் பிணை என்ற இந்தத் தலைகீழ் வழக்கமே, சிறை என்பது நீதியின் கருவி என்ற எண்ணத்தைப் போக்கி, ஆளும் தரப்பு எதிர்த்தரப்பின்மீது வீசும் கல் என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது.

ஆள்வோர் குற்றத்தைத் தமிழ் மரபு எவ்வாறு எடை போட்டது என்பதை இவ்விடத்தில் கருத வேண்டும். குறள் செங்கோன்மையை ஓர் அதிகாரமாகவும் கொடுங்கோன்மையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தது; கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்பவனை வேலோடு வழிமறிக்கும் கள்வனுக்கு நிகராகக் கண்டது; குற்றம் கடிதல் அரசனுக்குப் பழியன்று, தொழில் என்றது; கொடியவரை ஒறுப்பதைப் பயிருக்கு நடுவே களை பறிப்பதோடு ஒப்பிட்டது. தண்டத்தை ஓங்கும்போது கடுமையாகவும் வீழ்த்தும்போது மென்மையாகவும் இருக்கச் சொன்ன இடமும் அந்நூலில் உண்டு. அங்கே பேசப்படுவது அளவு, ஓங்கிய கோலைக் கீழே போட்டுவிட்டுப் போவதன்று. சிலப்பதிகாரம் நிலைநாட்ட வந்த மூன்று உண்மைகளில் முதலாவது, ஆட்சியில் தவறியவருக்கு அறமே எமனாகும் என்பது. தான் கள்வனைத் தண்டிக்கவில்லை, தானே கள்வனாகிவிட்டேன் என்று உணர்ந்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் மேல்முறையீடு எதுவும் தேடாமல் அரியணையிலேயே உயிர் நீத்தான். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேல் தேரேற்றிய சோழன் இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறான். கதவைத் தட்டிய குற்றத்துக்குத் தன் கையையே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதையும் இவ்வரிசையில் சேரும். இக்கதைகள் நடந்தனவா என்பது வேறு ஆராய்ச்சி. ஆளும் கையின் குற்றத்துக்குச் சாதாரணக் கையின் குற்றத்தைவிடக் கடுமையான அளவுகோலையே இச்சமூகம் விரும்பியது என்பதற்கு அவை ஐயமற்ற சான்று.

இக்கூடுதல் கடுமைக்குக் காரணம் என்ன என்பதைப் புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு விளக்கியிருக்கிறார். சிறு வயலின் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானை தானே வயலில் புகுந்தால் அது தின்பதைவிட அதன் காலில் மிதிபட்டு அழிவது மிகுதி என்பது அவர் காட்டிய உவமை. வரிக்காகச் சொன்ன அவ்வுவமை ஊழலுக்கு இன்னும் இறுகப் பொருந்துகிறது. ஒரு பாலத்துக்கான ஒப்பந்தத்தில் கைமாறும் கமிஷன் யானையின் வாய்க்குப் போனது. சிமென்ட் குறைந்த தூண், விலகிக்கொண்ட நேர்மையான ஒப்பந்தக்காரர், அடுத்த முறை தாமும் கொடுத்துவிடத் துணியும் இளநிலைப் பொறியாளர் ஆகியன யானையின் காலில் மிதிபட்டவை. நீதிமன்றம் பறிமுதல் செய்வது வாய்க்குப் போனதை மட்டுமே. காலில் மிதிபட்டதற்கு ஈடு எந்த அபராதத்திலும் அடங்குவதில்லை. ஆகவே பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டால் போதும் என்ற வாதம் கணக்கிலேயே குறைபடுகிறது.

பதவி பறிப்பு ஒன்றே போதுமான தண்டனை என்பாருக்கு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் விடை சொல்லும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், குடும்பு என்ற ஊர்ப்பிரிவுகள் முப்பதிலிருந்து ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்லர், அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என்று உறவுமுறை சொல்லி நீளும் ஒரு பட்டியலும் அவரோடு சேர்ந்து விலக்கப்படுகிறது. திருடியதாக மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, கணக்குக் காட்டாததே போதும் என்பதை நோக்குக. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்ச்சபைக்குப் பதவி மறுப்பு என்பது தகுதி விதி. குற்றத்துக்குரிய தண்டனை அதற்கு மேற்பட்டது. இன்றைய சட்டமும் அவ்வாறே பிரித்து வைத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஊழல் குற்றவாளியைத் தேர்தலிலிருந்து விலக்குகிறது. மேல்முறையீடு செய்த உறுப்பினர் பதவியில் ஒட்டிக்கொள்ள இடம் தந்த 8(4) என்ற உட்பிரிவை, லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டமோ வருமானத்துக்கு அதிகமான சொத்துக்கு இன்றுள்ளபடி குறைந்தது நான்காண்டு, மிகுந்தால் பத்தாண்டு சிறை என்கிறது. ஒன்று வேலைக்கு ஆகாதவர் என்ற அறிவிப்பு. மற்றது குற்றத்துக்கு விலை. நகைக்கடையில் திருடிய விற்பனையாளரை வேலையிலிருந்து நீக்கியதோடு விட்டுவிட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

மறுதரப்புக்கும் சொல்ல ஒன்று உண்டு. பழிவாங்கும் வழக்குகள் உண்டு, தீர்ப்புகள் பிழைபடுவதும் உண்டு, முதிய வயதில் சிறை கொடிது. மணிமேகலை சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதை எடுத்துக்காட்டி, தமிழ் அறத்தின் உச்சம் தண்டனையன்று, கருணையே என்று வாதிடுவாரும் உளர். ஆனால் அவள் அமுதசுரபியுடன் சென்று கண்டது பசித்துக் கிடந்த சிறைப்பட்டோரை; அவள் ஆற்றியது பசிப்பிணி நீக்கம். இந்தியச் சிறைகளில் உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள் என்று அரசின் கணக்கே சொல்லும்போது, மணிமேகலையின் கருணை முதலில் சேர வேண்டிய இடம் அவர்களிடமே. மேலும் அதே காப்பியத்தில், முறைகேடாக நடந்த தன் மகன் உதயகுமரன் கொலையுண்டான் என்ற செய்தி வந்தபோது, தான் செய்ய வேண்டிய தண்டனையைப் பிறன் செய்துவிட்டான் என்றே அம்மன்னன் கூறினான். கருணைக்கு இடம் தந்த நூல் அரச குடும்பத்துக்கு அதைச் சலுகையாகத் தரவில்லை.

தீர்ப்புப் பிழை என்ற வாதத்தையும் அதே சொத்து வழக்கை வைத்தே சோதிக்கலாம். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவையும் அவருடன் தண்டிக்கப்பட்ட மூவரையும் விடுவித்தது. வருமானத்தைவிடச் சொத்து 8.12 விழுக்காடே மிகுதி, பத்து விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ள முன்தீர்ப்பு உண்டு என்பது அதற்குச் சொன்ன காரணம். கடன்களாக வந்த வருமானம் அத்தீர்ப்பில் 24.17 கோடி என்று கூட்டப்பட்டிருந்தது. வரிசையாகக் கொடுத்திருந்த தொகைகளை மீண்டும் கூட்டினால் வந்தது 10.67 கோடி. அரசு வழக்குரைஞர் பி.வி. ஆச்சார்யா சுட்டிய அந்த 13.50 கோடி வேறுபாட்டைச் சரிசெய்தால் மிகுதி 76 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பள்ளிப் பிள்ளையின் கூட்டல் கணக்கில் விழுந்த பிழை திருந்தி, 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டு நிறுத்த, ஏறத்தாழ இரண்டாண்டு ஆயிற்று. அதற்குள் முதல் எதிரியான ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் வகையில் மேல்முறையீடு அற்றுப்போக, மற்ற மூவரே சிறை சென்றனர். பிழை நேரும் என்பதற்காகச் சிறையை நீக்குவது தீர்வாகாது. மேல்முறையீட்டை ஆறு மாதத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று விதித்தால் பிழையும் விரைவில் திருந்தும், பிணையைக் காட்டி ஆண்டுகளைக் கடத்தும் வழியும் அடைபடும்.

சிறை என்று ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. கால்நடைத் தீவன வழக்குகளில் தண்டிக்கப்பட்ட லாலு பிரசாத், நோய் மெய்யே ஆயினும், காவலில் இருந்த காலத்தின் பெரும்பகுதியை ராஞ்சி ரிம்ஸ் மருத்துவமனையில் கழித்தார். அதே நோயுள்ள பெயரறியாக் கைதிக்கு அந்த அறை கிடைத்திருக்குமா என்று கேட்பதில் கொடுமை ஒன்றும் இல்லை. சொத்து வழக்கில் சிறை சென்ற மூவருள் ஒருவரான சசிகலாவுக்குப் பெங்களூருச் சிறையில் சிறப்பு வசதிகள் தரப்பட்டதாக 2017 ஜூலையில் அறிக்கை அளித்த சிறைத்துறை அதிகாரி டி. ரூபா, சில நாள்களில் இடமாற்றம் செய்யப்பட்டார். குற்றச்சாட்டைச் சம்பந்தப்பட்டோர் மறுத்தனர் என்பது உண்மை, இடமாற்றமும் உண்மை.

மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம் என்ற வழியையும் உச்ச நீதிமன்றமே ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2003 நவம்பர் 24 அன்று விடுதலையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பித் தந்து, செய்தது முறைதானா என்று மனச்சாட்சிக்கு விடை சொல்லிக் கழுவாய் தேடுமாறு அன்றைய முதல்வர் ஜெயலலிதாவுக்கு அறிவுரை கூறியது. தேர்ந்த தமிழில் பெயர்த்து அறநெறிப் பாடநூலில் சேர்க்கத்தக்க அறிவுரை அது. ஆனால் அறிவுரை கேட்டுத் திருந்துவோருக்காக எந்த நாடும் குற்றவியல் சட்டம் இயற்றியதில்லை. ஆள்வோர் தம் குற்றத்தை முதலில் நீக்கிப் பிறகு பிறர் குற்றம் காண வேண்டும் என்று குறள் வகுத்த வரிசையில் முதற்படி நிகழாதபோது, இரண்டாம் படியை நீதிமன்றமும் சிறைக்கதவும் செய்தே ஆக வேண்டும்.

மேல்முறையீடு முடியுமுன் இறந்ததால் ஜெயலலிதாவைக் குற்றவாளி என்று கொள்ள இயலாது என்று கூறி, அரசுச் செலவில் அவருக்கு நினைவிடம் எழுப்புவதை எதிர்த்த மனுவை 2019 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே வழக்கில் நான்காண்டு முடித்த சசிகலா 2021 ஜனவரி 27 அன்று பெங்களூருவில் விடுதலையானார். மெரினாவில் அந்நினைவிடம் திறந்து வைக்கப்பட்டதும் அந்த நாளில்தான்.